மேசன் பாஸின் மகனும் நம்ம மோட்டிவேசன் வியாபாரிகளும்

எங்கள் பக்கத்து இளைஞர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு படம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். மெலிந்த ஒரு கறுப்பின இளைஞர், மேசை மாதிரி நீளமான ஒரு வாத்தியத்துக்கு மேல் குனிந்து நிற்கிறார். கையில் உருண்டைத் தலை வைத்த குச்சிகள். கீழே தமிழில் நாலு வரி. இவர் ஒரு மேசன் பாஸின் மகன், அப்பாவோடு சேர்ந்து வேலை செய்து மிச்சம் பிடித்த காசில் வாத்தியம் வாங்கினார், உலகப் புகழ் பெற்றார், நீ ஏன் இன்னும் சும்மா இருக்கிறாய் என்று. அதற்குக் கீழே கைதட்டல், நெருப்பு, கும்பிடு. அந்த மனுசனின் பேரைக்கூட யாரும் போடவில்லை. ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

அவர் பேர் பொபி ஹட்சர்சன். ஜாஸ் இசையில் வைப்ரபோன் வாசித்தவர். 1941 ஜனவரி 27ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, பக்கத்தில் பசடீனாவில் வளர்ந்து, 2016 ஓகஸ்டில் 75 வயதில் இறந்தார். அப்பா செங்கல் கட்டுகிற மேசன், அம்மா முடி அலங்காரம் செய்கிறவர். அந்த நாலு வரியில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் நாலையும் சேர்த்து நம்ம பிள்ளைகளின் முகத்தில் எறிகிறபோது அது பொய்யாகிவிடுகிறது. அந்தப் பொய்யைப் பற்றித்தான் எழுதப்போறேன்.

முதலில் வாத்தியம், ஏனென்றால் நம்மில் பலர் அதைக் கேட்டிருக்கிறோம், பேர்தான் தெரியாது. பழைய தமிழ்ப் பாட்டுகளில் கனவுக் காட்சியோ கிளப் காட்சியோ வரும்போது தண்ணீருக்குள் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் நடுங்கிக்கொண்டு போகுமே, அதுதான். பியானோக் கட்டைகள் மாதிரி இரண்டு வரிசையில் அலுமினியப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் சின்னத் தட்டு, அதை ஒரு மோட்டார் சுற்றும். அது திறந்து மூட, நாதம் அலை அலையாக வரும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் நாதம் நீளும், விட்டால் அடங்கும். 1920களில் அமெரிக்காவில் வந்த வாத்தியம் இது, முதலில் வேடிக்கைச் சத்தம் போடுகிற சாமானாகத்தான் பார்த்தார்கள். 1930இல் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் ஒரு ஒலிப்பதிவில் லயனல் ஹாம்ப்டன் அதை வாசித்த பிறகுதான் ஜாஸுக்குள் வந்தது. பிறகு வந்த மில்ட் ஜாக்சன் மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, அந்த இரும்புச் சத்தத்தை மனுசக் குரல் பாடுகிற மாதிரி ஆக்கினார். பள்ளி வயசில் ரோட்டில் நடந்து போன ஹட்சர்சன், ஒரு கடைக்குள்ளிருந்து வந்த மில்ட் ஜாக்சனின் வாசிப்பைக் கேட்டுத்தான் நின்றார். மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டு அது.

இங்கேயே நிறுத்திக் கேட்கிறேன். அந்தப் பையன் நடந்து போன பாதையில் இசைத்தட்டு விற்கிற கடை ஒன்று இருந்தது. அதை யார் உழைத்து வாங்கினார்?

இன்னும் இருக்கிறது. அவருடைய அண்ணன் டெடி, சாக்சபோன் மேதை டெக்ஸ்டர் கோர்டனோடு ஒன்றாகப் படித்தவர். கோர்டன் போன ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளி ஒரு சாதாரண அரசாங்கப் பள்ளி. அங்கே சாமுவேல் பிரவுன் என்று ஒரு கறுப்பின இசை ஆசிரியர். அவர் கையில் படித்துத்தான் அந்த ஏரியாவிலிருந்து ஒரு தலைமுறையே ஜாஸ் கலைஞர்களாக வெளியே வந்தது. ஹட்சர்சனின் அக்கா பெகி, பேர்பெற்ற ஒரு இசைக்குழுவில் பாடகி. அக்கா மூலமாகத்தான் எரிக் டொல்பி மாதிரி ஆட்களின் பழக்கம் வந்தது. வைப்ரபோனைச் சொல்லிக்கொடுக்க டேவ் பைக் என்று ஒருவர் பக்கத்திலேயே கிடைத்தார். ஹட்சர்சன் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, மிருகம் மாதிரி உழைத்தார். ஆனால் அவர் உழைப்பு விழுந்த இடத்தில் ஏற்கெனவே மண் இருந்தது. நம்ம பிள்ளைகளின் உழைப்பு பாறையில் விழுகிறது. பிறகு ஏன்டா முளைக்கவில்லை என்று விதையைத் திட்டுகிறோம்.

காசு விசயத்துக்கும் வருவோம். ஒரு மேசனும் அவர் கையாளாகப் போன பள்ளிப் பையனும் சேர்ந்து மிச்சம் பிடித்து ஒரு வைப்ரபோன் வாங்கலாம் என்றால், அந்த நாட்டில் மேசனின் கூலி எப்படி இருந்தது என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். கறுப்பினத்தவருக்கு எல்லாக் கதவும் சாத்தியிருந்த காலம் அது, இருந்தும் அந்தக் கூலியில் மிச்சம் என்று ஒன்று இருந்திருக்கிறது. இங்கே கொழுந்து எடுக்கிற அம்மாவின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு எத்தனை வருசம் ரோட்டில் நின்றோம்? 2021இல் ஆக்கினார்கள், உடனே கம்பனிகள் நீதிமன்றம் போனார்கள். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350. அதுவும் கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த அரைப்பேரில் மிச்சம் பிடித்து என்ன வாத்தியம் வாங்குவது, ஜால்ராவா?

மோட்டிவேசன் பேச்சாளர்கள் இந்தக் கணக்கைப் போடமாட்டாங்க. தோட்டத்துப் பாடசாலைப் பரிசளிப்பு விழா, டியூசன் வகுப்புத் திறப்பு, சங்கத்துக் கூட்டம் எதற்குப் போனாலும் ஒருவர் மைக்கைப் பிடித்து, லயத்திலிருந்து போய் டொக்டரான ஒருவரின் கதையைச் சொல்லுவார். மிச்சம் 99 பேரும் ஏன் ஆகவில்லை என்பதற்கு அவரிடம் ஒரே பதில்தான்: முயற்சி பத்தாது. இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை தோற்றுப்போனால் சம்பளச் சபையையா கேள்வி கேட்கும்? கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைத்தான் திட்டும்.

சரி, ஹட்சர்சனின் கதையை அந்தப் பேச்சாளர்கள் நிறுத்துகிற இடத்துக்குப் பிறகு பார்ப்போம். 1961இல் அல் கிரே, பில்லி மிச்சல் குழுவோடு நியூயோர்க் போனார். பேர்ட்லாண்ட் கிளப்பில் வாசித்தார். அந்தக் குழு கலைந்த பிறகு டாக்ஸி ஓட்டிப் பிழைத்தார். அப்புறம் ஜாக்கி மக்லீன் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1963இல் 'வன் ஸ்டெப் பியோண்ட்' இசைத்தட்டில் பியானோவே கிடையாது, அந்த இடத்தில் ஹட்சர்சனின் வைப்ரபோன். பியானோ என்றால் இடைவெளியை எல்லாம் நிரப்பிவிடும். இவர் நாலு குச்சியால் நாலு சுரத்தைத் தொட்டுவிட்டுக் காற்றை விட்டுவிடுவார், மற்றவர்கள் அதற்குள் நடப்பார்கள். அடுத்த வருசம் எரிக் டொல்பியின் 'அவுட் டு லஞ்ச்'. இந்தப் பதிவை இன்றைக்குக் கேட்டாலும் உடனே பிடிக்காது. எனக்கு மூன்றாவது தரம்தான் பிடித்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒருவர் பொறுமையாக அடுக்குகிற மாதிரி இருக்கும் ஹட்சர்சனின் பங்கு. 1965இல் தன் சொந்தப் பேரில் 'டயலொக்', அதே வருசம் 'கொம்போனன்ட்ஸ்'. இரண்டாவதில் தன் சின்ன மகனுக்காக எழுதிய 'லிட்டில் பீஸ் போயம்' இருக்கிறது. மூன்று தாளத்தில் சுற்றிச் சுற்றி வருகிற சின்ன மெட்டு. ஜாஸ் புதுசு என்கிறவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

இந்த உயரத்தில் இருந்த ஆளுக்கு 1967இல் என்ன நடந்தது தெரியுமா? சென்ட்ரல் பார்க்கில் நண்பர் ஜோ சேம்பர்ஸோடு இருந்தபோது கஞ்சா வைத்திருந்ததாகப் பொலிஸ் பிடித்தது. அதோடு அவருடைய கபரே கார்ட் போச்சு. டாக்ஸி லைசன்ஸும் போச்சு. இரண்டு பிழைப்பும் ஒரே நாளையில்.

கபரே கார்ட் என்பது என்ன என்று நம்ம ஆட்களுக்கு விளக்கவேண்டிய தேவையே இல்லை, இருந்தாலும் சொல்றேன். 1940இலிருந்து நியூயோர்க்கில் மதுபானம் விற்கிற இடத்தில் வாசிக்கிற, பாடுகிற எல்லாரும் பொலிஸிடம் போய்க் கைரேகை கொடுத்து ஒரு அட்டை எடுக்கவேண்டும். ஜாஸுக்கு வேறு இடமே கிடையாது என்பதால், அட்டை இல்லை என்றால் அந்த ஊரில் தொழில் இல்லை. பிலி ஹொலிடேயின் அட்டையைப் பிடுங்கினார்கள். சார்லி பார்க்கருடையதை, திலோனியஸ் மங்குடையதை, ஹட்சர்சனைத் தூக்கிவிட்ட அதே ஜாக்கி மக்லீனுடையதை. மங்க் 1951இலிருந்து 1957வரை அந்த ஊர்க் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். உலகமே கொண்டாடப்போகிற மனுசன் வீட்டில் உட்கார்ந்திருந்தார், ஒரு அட்டை இல்லாததால். ஹட்சர்சனின் அட்டை போன அதே 1967இல்தான் அந்த முறையையே ஒழித்தார்கள். அதற்குள் அவர் கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது 1948. ஒரு சட்டம் போட்டு, நேற்றுவரை இந்த மலையில் வேலை செய்தவனை இன்றைக்கு நீ யார், காகிதம் காட்டு என்று கேட்டார்களே, அது. பிறகு 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காகிதம் இல்லாதவர்கள் இருந்தார்கள். கபரே கார்ட்டும் குடியுரிமையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒருவனுக்கு வாசிக்கிற உரிமை போனது, இங்கே ஒரு சனத்துக்கு இருக்கிற உரிமையே போனது. ஆனால் திறமை, உழைப்பு, விடாமுயற்சி எல்லாம் இருந்தும், அதிகாரத்தில் உள்ளவன் ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்துவிட்டால் கதை முடிந்தது என்பதை நம்மைவிட நல்லாத் தெரிந்த சனம் யார்? அப்படிப்பட்ட சனத்திடம் வந்து முயன்றால் முடியும் என்று வகுப்பெடுக்க எப்படித்தான் மனசு வருதோ.

இப்போது இன்னொரு பக்கம். கெம்பசில் ஒரு நண்பனிடம் இந்த மனுசனைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரித்தான். "மச்சான், ஜாஸ் எல்லாம் தொரமார் மியூசிக்டா. நமக்கு எதுக்கு?" அவன்மேல் கோபம் வரவில்லை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் பெரிய ஹோட்டல் பக்கம் போனால் உள்ளேயிருந்து மெதுவாக சாக்சபோன் சத்தம் வரும். கோட் போட்டவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்தத் தேயிலையைக் கிள்ளினவள் கண்ணாடிக்கு வெளியே மரக்கறி மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்பாள். ஜாஸ் என்றால் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது என்று அவன் நினைத்ததில் பிழை இல்லை.

ஆனால் வரலாறு அப்படி இல்லையே. ஜாஸை உண்டாக்கியது, பருத்தித் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் அடிமையாகக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தோட்டத்துச் சனத்தின் பிள்ளைகள். நம்மை மாதிரி கப்பலில் வந்து, நம்மைவிட மோசமாக நடத்தப்பட்டவர்கள். ஆரம்பத்தில் அந்த இசையைத் தவறணை மியூசிக், தரங்கெட்டவர்களின் சத்தம் என்றுதான் பெரிய மனுசர்கள் சொன்னார்கள். அதைத் தொரமார் ரசித்தது பிறகு நடந்தது. ரசித்தவனுக்குச் சொந்தம், படைத்தவனுக்கு இல்லை என்று நாமே எழுதிக் கொடுக்கப்போறோமா?

தவறணைச் சத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இது நம்ம ஆட்களுக்குப் பிடிக்காது. நம்மிடமும் ஒரு தட்டு வாத்தியம் இருக்கிறது. விடியக்காலையில் சனத்தைப் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டது தப்புத்தான். காமன் கூத்துக்கு, அர்ச்சுனன் தபசுக்கு, பொன்னர் சங்கருக்கு, சாமி ஊர்வலத்துக்கு, சாவுக்கு எல்லாத்துக்கும் தப்பு வேணும். நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிச் சுதி ஏற்றுகிறவரின் காதைக் கவனித்திருக்கிறீர்களா? விரலால் சுண்டிப் பார்ப்பார், திரும்பக் காட்டுவார், திரும்பச் சுண்டுவார். மழை, பனி, ஈரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு அவர் விரலில் இருக்கு. அவரை நாம் கலைஞர் என்று எப்போது சொன்னோம்? திருவிழா நோட்டீசில் நாதஸ்வரக்காரருக்குப் பேர், ஊர், பட்டம் எல்லாம் இருக்கும். தப்புக்காரருக்கு 'தப்புக் குழுவினர்' என்று ஒரு வரிகூடச் சில வேளை இருக்காது. அடித்து முடித்ததும் அவர் எந்த வாசல்வரை வரலாம், எந்தக் கோப்பையில் தேத்தண்ணி என்று நமக்கெல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கவேண்டாம். அரசியல்வாதி வந்தால் மட்டும் தப்பு முன்னுக்குப் போகும், மாலை பின்னுக்கு வரும், போட்டோவில் தப்புக்காரரின் பாதி முதுகு தெரியும்.

2023இல் மலையகம் 200 என்று எல்லாரும் கொண்டாடினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்த வருசம் பூரா தப்புச் சத்தம் கேட்காத மேடை இல்லை. அடித்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு அந்தத் தோலைத் தொடமாட்டோம் என்கிறார்கள். சொல்லத்தான் செய்வார்கள். வகுப்பில் அந்தப் பேரைச் சொல்லி மற்றப் பிள்ளைகள் கூப்பிட்ட கூப்பாட்டை அவர்கள் மறக்கமாட்டாங்க. தொரமார் ஒதுக்கினதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நமக்கு, நாம் ஒதுக்கினதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத 200 வருசம் பத்தவில்லை.

பாடசாலைக்கு வருவோம். சாதாரண தரத்துக்கு அழகியல் பாடத்தில் கர்நாடக சங்கீதமும் இருக்கிறது, மேலைத்தேய சங்கீதமும் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்த பாடசாலையில் சித்திரம் மட்டும்தான் இருந்தது, ஏனென்றால் சித்திரத்துக்குத்தான் ஆசிரியர் இருந்தார். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு கீபோர்ட் அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. சாவி யாரிடம் என்று கடைசிவரை தெரியாது. பரிசளிப்பு விழா அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்து மேடையில் வைப்பாங்க, துணி விரித்து, யாரும் தொடாமல். உயர் படிப்புக்கு யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலை இருக்கிறது, மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மலையகத்தில்? அங்கே போய்ச் சேருவதற்கே முதலில் பத்தாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் வேணுமே.

எங்க பெரியப்பாவுக்குத் தப்பு தெரியும். ஒருநாள் என் போனில் 'லிட்டில் பீஸ் போயம்' போட்டு, ஒரு காதில் அவருக்கும் ஒரு காதில் எனக்குமாக மாட்டிக் கேட்டோம். பாதியில் அவர் விரல் தொடையில் போட ஆரம்பித்தது. "இவென் மூணுல போறான், ஆனா எண்ணிக்கிட்டுப் போகல" என்றார். இசைப் பேராசிரியர் ஒருவர் இதையே நாலு பக்கத்தில் எழுதுவார். பெரியப்பா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

கடைசியாக, ஹட்சர்சன் வாழ்க்கையில் நடந்த இரண்டு விசயம். எந்த மோட்டிவேசன் போஸ்டரிலும் வராது.

ஒன்று காணி. 'உம்ம்' என்று ஒரு பாட்டு, 1970இல் பதிவான 'சான் பிரான்சிஸ்கோ' இசைத்தட்டில், எதிர்பாராமல் நல்லா ஓடியது. அந்தக் காசில் கலிபோர்னியாக் கரையில் மொன்டாரா என்ற ஊரில் ஒரு ஏக்கர் காணி வாங்கி வீடு கட்டினார். மேசனின் மகன். அதே வீட்டில் 44 வருசம் கழித்து இறந்தார். ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச். இங்கே 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று இன்னும் மேடையில் ஏலம் போய்க்கொண்டிருக்கிறது.

மற்றது அவருடைய முதல் மேடை. வாத்தியம் வாங்கிக் கொஞ்ச நாள்தான். சுரம் ஒன்றும் ஒழுங்காகத் தெரியாது. கூட்டாளி ஹெர்பி லூயிஸ், பேஸ் வாசிக்கிறவர், ஒரு ஐடியா கொடுத்தார்: பட்டைகளின் மேல் கறுப்புப் பேனாவால் நம்பர் எழுது, பாட்டு வரிசைக்கு அந்த நம்பரை அடித்துக்கொண்டு போ. எழுதிப் பழகினார். கச்சேரி நாள், சபை நிறைய ஆட்கள், அப்பா அம்மா முன்வரிசையில். மேடை வேலை செய்த ஒருவர் வாத்தியத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று நினைத்து ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார், நல்ல மனசோடதான். திரை விலகியது. முதல் சுரம் ஞாபகம் இருந்தது, அடித்தார். இரண்டாவதிலிருந்து எல்லாம் குழப்பம். சனம் கூச்சல் போட்டுச் சிரித்தது. அம்மா சிரித்த முகமாகவே இருந்தாராம். நான் அப்பவே சொன்னேன் இவன் மேசன் வேலைக்கு வந்திருக்கலாம் என்றாராம் அப்பா. ஹட்சர்சனே பிற்காலத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது.

அடுத்த நாள் அந்த வாத்தியம் அவர் வீட்டில்தான் இருந்தது. அவர் எழும்பிப் போய் அதை வாசித்தார். அலுமாரிக்குள் வைத்து யாரும் பூட்டவில்லை.